பக்கத்து சீட் இல்லாத கார்

என் அக்காவை வீட்டில் எல்லோரும் மகாராணி என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இரண்டு கால்களையும் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு அவள் எங்கே போனாலும் தூக்க ஒருவர், தள்ள ஒருவர், கூடவே காத்திருக்க ஒருவர் வேண்டும். ஆள் அம்பு இல்லாமல் வாசலைத் தாண்டாதவளை வேறு என்னவென்று கூப்பிடுவது? கிண்டலாக ஆரம்பித்த பெயர், நாற்பத்தேழு வயதுவரை ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது.

மகாராணிக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் அறையில். ஜன்னல் இல்லாத அறை அது. ஒரு மேஜை, சத்தம் போடும் ஒரு மின்விசிறி, காதில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவி. "லைன்ல இருங்க" என்று அவள் சொன்னால் சண்டைக்கு வந்தவனும் சமர்த்தாக லைனில் இருப்பான். அப்படி ஒரு குரல். அவள் முகத்தைப் பார்த்தேயிராத டாக்டர்கள்கூடக் குரலை வைத்து, "என்னம்மா, இன்னிக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்பார்கள்.

அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். பிள்ளைகளை ஏற்றப் போவதற்கு முன்னால் அக்காவை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட வேண்டும். கடைசிப் பிள்ளையையும் வீட்டில் விட்டபிறகு அவளை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே தினமும் வேலைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுவாள், வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மருந்துக்கடைக்கு எதிரே அவளுக்கென்று ஒரு மூலை உண்டு. கால் நூற்றாண்டாக இதே கதை. அண்ணனைக் குறை சொல்ல வழியே இல்லை. அவளைத் தூக்கும்போது ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. அதுதான் வினையே. ஒருநாள் சுளித்திருந்தால் அக்கா அன்றைக்கே சண்டை போட்டுத் தனக்கு வேண்டியதைக் கேட்டிருப்பாள். நல்லவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

நான் இவர்கள் இருவருக்கும் இளையவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தப்பைக் கண்டால் சிவப்பு மையில் சுழிக்காமல் கை நிற்காது. சின்ன வயதில் மட்டும் நானே பெரிய தப்பாக இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு நேராக வீட்டுக்கு வந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அம்மா வாசலிலேயே காதைப் பிடித்துத் திருகுவாள். "எங்கடி போனே இவ்வளவு நேரம்?" அடி வாங்கிக்கொண்டு அக்கா பக்கத்தில் போய்ப் படுத்து அழுவேன். ஒருமுறை அவள் என் கன்னத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே சொன்னாள். "உனக்கென்னடி, கொடுத்துவச்சவ. என்னை யாராவது ஒருநாளாவது எங்க போனேன்னு கேட்டிருக்காங்களா?"

காது எரிந்துகொண்டிருந்த எனக்கு எரிச்சல்தான் வந்தது. அடி வாங்கியவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாளே, இவளுக்கு என்ன மூளை பிசகிவிட்டதா என்று நினைத்தேன். புரிவதற்கு எனக்குப் பாதி ஆயுள் ஆயிற்று.

கார் விஷயம் டெலிபோனில்தான் வந்தது. கண் டாக்டரிடம் பேச வேண்டும் என்று ஒருவர் கூப்பிட்டார். டாக்டர் லைன் காலியில்லை. "சீக்கிரம் கொடும்மா. என் கண்ணு தேறுமா தேறாதான்னு அவர் சொன்னாத்தான் காரை விக்கறதா வேணாமான்னு முடிவு பண்ண முடியும்" என்றார்.

"என்ன கார் சார்?" என்று அக்கா கேட்டாளாம், சும்மா பேச்சுக்கு.

"கையாலேயே ஓட்டற கார்மா. எனக்குக் கால் கிடையாது."

டாக்டர் லைன் காலியாகியும் அக்கா வெகுநேரம் அவரை மாற்றிக் கொடுக்கவில்லை. அவளுடைய உத்தியோகத்தில் அது ஒன்றுதான் கரும்புள்ளி.

அவர் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர். கண் தேறாது என்று தெரிந்தபின் எங்களை வீட்டுக்கு வரச் சொன்னார். கொல்லையில் காலி ரேடியோப் பெட்டிகளுக்கு நடுவே கார் நின்றது. பழைய கார்தான், கியர் போடும் வேலை இல்லாதது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு இரும்புக் கம்பி. இழுத்தால் ஓடும், தள்ளினால் நிற்கும். கம்பியின் கைப்பிடிக்குத் தோல் சுற்றியிருந்தார். அவருடைய விரல்கள் அதில் பள்ளமாகப் பதிந்திருந்தன. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட் இருக்க வேண்டிய இடம் வெறும் தரையாக இருந்தது.

"சீட் எங்க சார்?" என்றான் அண்ணன்.

"கழட்டிட்டேன். அங்கதான் என் சக்கர நாற்காலியை மடக்கி இழுத்துப் போட்டுக்குவேன். பக்கத்துல ஆள் உக்காந்தா வழி சொல்லிக்கிட்டே வருவாங்க. நாற்காலி வாயைத் திறக்காது."

ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நகர்ந்து அக்கா தானாகவே காருக்குள் போனாள். கொல்லையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினாள். அப்புறம் பின்னால் வந்தாள். ஒரு ரேடியோப் பெட்டி நசுங்கியது. ரேடியோக்காரர் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார். "போகட்டும்மா. கண்ணுதான் போச்சு, கை இன்னும் தூக்கத்துல இழுத்துக்கிட்டே இருக்கு" என்றார். அந்தக் கம்பியைக் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்தபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

திரும்பும் வழியெல்லாம் அக்கா எதையோ பிடித்திருப்பதுபோல ஒரு கையை மூடியே வைத்திருந்தாள். "ஒரு தெருவுல போய்க்கிட்டே இருக்கணும்டி. திடீர்னு காரணமே இல்லாம ஒரு பக்கம் திரும்பணும். அவ்வளவுதான் ஆசை" என்றாள். இதென்ன பிரமாதம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டேன். வேனில் போகிறவள் யாரிடம் போய், "சும்மா அந்தப் பக்கம் திருப்பு" என்று சொல்வாள்?

இனிமேல்தான் காகிதம். கடையில் கார் வாங்கினால் கடைக்காரரே வரியைப் பில்லில் சேர்த்துவிடுவார். ஆளிடம் ஆள் வாங்கினால், பெயர் மாற்றும்போது வாங்குகிறவர்தான் வண்டிப் பதிவு ஆபீசில் விற்பனை வரி கட்ட வேண்டும். கால் முடியாதவர்களுக்காக மாற்றி அமைத்த கார் என்றால் அந்த வரி கிடையாது. ஆனால் மாற்றி அமைத்ததாகக் காரின் பதிவுப் புத்தகம் சொல்ல வேண்டும். ரேடியோக்காரர் அதைப் பதியவே இல்லை. ஏன் சார் என்று கேட்டதற்கு, "என் கால் போனதை எந்த ஆபீஸ்ல பதிஞ்சேன், இதைப் போய்ப் பதிய?" என்றார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஆபீசுக்கும் படி இருக்கும். படி இருக்கும் இடத்துக்கு அக்கா போக முடியாது. அதனால் வெற்றுத் தாள்களின் அடியில் அவள் கையெழுத்துப் போட்டு அண்ணனிடம் கொடுத்துவிடுவாள். மேலே என்ன எழுத வேண்டுமோ அதை அவன் எழுதிக்கொள்வான். பாங்கு, மின்சாரம், ரேஷன் எல்லாம் அப்படித்தான் நடந்தன. இந்தக் காரியத்துக்கும் அதே தாள்தான் போயிற்று.

கவுண்டரில் இருந்த அம்மா அண்ணனிடம் பொறுமையாகவே சொல்லியிருக்கிறார். "புத்தகத்துல இருக்கிற வண்டி வேற, நீங்க கொண்டுவந்திருக்கிற வண்டி வேற. கம்பி மாட்டினவர்கிட்ட கடிதம், டாக்டர் சர்டிபிகேட், அப்புறம் எங்க சோதனை எல்லாம் முடிஞ்சா வரி கிடையாது. ஆனா மாசக்கணக்கா ஆகும். கம்பியை எடுத்துட்டுப் புத்தகத்துல இருக்கிற மாதிரியே கொண்டுவந்தீங்கன்னா, முழு வரி கட்டிட்டு இன்னிக்கே பேர் மாத்திக்கலாம்."

அண்ணன் யோசித்திருக்கிறான். தங்கை காத்திருக்கக் கூடாது, அலையக் கூடாது, ஒரு காகிதத்துக்காகக் கண் கலங்கக் கூடாது. அந்தக் கணக்கில் எங்கே தப்பு என்று கணக்கு டீச்சர் நான்கூடச் சட்டென்று சொல்லிவிட முடியாது. பட்டறைக்குப் போனான். கம்பியைக் கழற்றினான். எங்கேயோ தேடிப் பக்கத்து சீட் ஒன்று வாங்கி மாட்டினான். தன் கைப்பணத்தில் வரியைக் கட்டினான்.

சாயங்காலம் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றான். கார் பளபளவென்றிருந்தது.

"மகாராணி! உன் பேர்ல மாத்தியாச்சு. பாரு, சீட்டை. இனிமே நீ அந்த வேன்ல குலுங்க வேணாம். எங்க போகணும்னாலும் சொல்லு, சொகுசா கூட்டிட்டுப் போறேன்!"

அக்கா சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டுபோய் ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கம்பி எங்கண்ணா?"

"டிக்கில சாக்குல சுத்தி வச்சிருக்கேன். தூக்கிப் போட மனசு வரல. ஏன்?"

"இந்தக் கார் யாருக்குண்ணா வாங்கினோம்?"

"என்ன கேள்வி இது? உனக்குத்தான்."

"உக்காந்து வர்றதுக்கா?"

அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது. அவன் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குப் பாவமாக இருக்கிறது. அன்றைக்குப் பாவமாக இல்லை. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "புத்தி இருக்கா உனக்கு? ஒரு வார்த்தை அவளைக் கேட்டியா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அக்கா என்னைக் கையமர்த்தினாள். "அவனைத் திட்டாதே. கையெழுத்துப் போட்டது நான்" என்றாள். அப்புறம் அலமாரியில் மிச்சமிருந்த கையெழுத்திட்ட தாள்களையெல்லாம் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கிழித்தாள்.

அடுத்த நாளிலிருந்து காரியத்தைத் தானே கையில் எடுத்தாள். வாழ்நாளெல்லாம் பிறரை லைனில் இருக்கச் சொன்னவள், வராந்தாவில் காத்திருக்கும் நேரத்தில் ஆபீசுக்குப் போன் போட்டு லைனில் இருந்தாள். ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்குத் தள்ளும். அங்கே இருப்பவர் டீ குடிக்கப் போயிருப்பார். "பரவாயில்ல சார், வரட்டும், நான் லைன்லயே இருக்கேன்" என்பாள். கட்டிய வரி திரும்பி வராது என்றார்கள். "வேணாம். கார் வச்சிருக்கிறவங்க எல்லாரும் கட்டறதுதானே" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கம்பியைத் திரும்ப மாட்ட அனுமதி வாங்கினாள். முதலில் மாட்டிய பட்டறைக்காரரே வந்து மாட்டிக் கடிதம் கொடுத்தார். பக்கத்து சீட்டைக் கழற்றி வைத்தது அண்ணன்தான்.

கார் வாசலில் நிற்க, அதைப் பார்த்துக்கொண்டே வேனில் ஏறிப் போன அந்த மாதங்கள்தான் கொடுமை. நடுநடுவே சாயங்காலங்களில் காருக்குள் போய் உட்கார்ந்திருப்பாள். எஞ்சினைப் போடமாட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் போய் நின்றால், "போடி அந்தாண்ட, ரோட்டை மறைக்காதே" என்பாள். நான் சிரிப்பேன். உள்ளே வந்து அழுவேன்.

ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்த மாஸ்டர், உட்கார முன்னால் சீட் இல்லாமல், பின்சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பதட்டத்துல கையும் ஓடாது காலும் ஓடாது, மெதுவாப் போங்கம்மா" என்று அவர் கெஞ்சினால், "கால் எப்பவும் ஓடாது மாஸ்டர், கையாவது ஓடட்டும்" என்பாள். லைசென்சுப் பரீட்சை அன்று அந்தக் கவுண்டர் அம்மா முத்திரையோடு படியிறங்கிக் காருக்கே வந்தார். "நாலு மாசமா உங்க குரலைக் கேட்டுட்டேன். ஆளைப் பாக்கணும்னு தோணுச்சு" என்றார்.

லைசென்சு வந்தபின் முதல் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அக்கா தலைவாரிக்கொண்டாள். பலகையில் நகர்ந்து உள்ளே போனாள். நாற்காலியை மடக்கி, பக்கத்து சீட் இருந்த இடத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அண்ணன் பின்கதவில் கை வைத்தான்.

"நான் பின்னாடி உக்காந்துக்கறேன். வாயே திறக்கமாட்டேன்."

"வேணாம்ணா."

கார் தெருமுனைவரை போயிற்று. திரும்பியது. அப்புறம் தெரியவில்லை.

அண்ணன் வாசலிலேயே நின்றான். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்தான். தெருமுனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான், மறுபடியும் போனான். "போன் பண்ணிப் பாரேன்" என்றான். "ஓட்டும்போது எடுக்கக்கூடாது" என்றேன். சொல்லிவிட்டு நானும் தெருமுனையைப் பார்த்தேன். காலியாக நின்ற வேனை அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அக்கா எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் அவன் நின்றது அன்றைக்குத்தான்.

வெயில் தாழ்ந்தபிறகு கார் வந்தது. கண்ணாடியில் தூசி. அக்காவின் தலை கலைந்திருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கம்பியிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டான். பயமெல்லாம் கோபமாகத் திரண்டு குரலில் வந்தது.

"எங்கடி போனே இவ்வளவு நேரம்?"

அக்கா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னொரு தடவை கேளுண்ணா" என்றாள்.