கருப்புக்குள் போன பூண்டு நிலம்

செயின்மேன் தன் துண்டை அவிழ்த்து அதிகாரியின் மேசைமேல் கரிமண்ணைக் கொட்டிய காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மேல்மலைக் கிராமமான கவுஞ்சியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். “தொட்டுப் பாருங்கய்யா, பொடியா உதிருது. அங்க தண்ணி எங்கிட்டுங்க இருக்கு?” என்றார். அதிகாரி தொடவில்லை. “சாட்டிலைட்டுப் படம் ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்ற. படத்துக்குக் கவுஞ்சியில தங்கச்சி இல்லய்யா” என்றார். பிறகு அதே துண்டால் மேசையைத் துடைக்கச் சொன்னார். செயின்மேன் துடைத்தார். நான் சிரித்தேன். அதிகாரி சிரித்தால் கூடச் சிரிப்பது எங்கள் அலுவலகத்தில் சம்பளத்தோடு சேர்ந்த வேலை. ஆனால் அன்று எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. அதை மறைத்து எழுத மனமில்லை.

எண்பதுகளில் நடந்தது இது. பழநி மலையின் மேல்பகுதிச் சதுப்புகளை வரைபடமாக்கும் திட்டம் ஒன்றில், கொடைக்கானலில் நான் வரைவாளனாக இருந்தேன். ஹைதராபாத்திலிருந்து செயற்கைக்கோள் படங்கள் வரும். அவற்றில் செடிகொடி சிவப்பாகவும் தண்ணீர் கருப்பாகவும் தெரியும். அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் படத்தை விரித்து, மேலே மெல்லிய தாளைப் போட்டு, கருப்பின் ஓரமாக மை இழுப்பேன். அந்தக் கோட்டுக்குள் அகப்பட்டதெல்லாம் சதுப்பு. அதற்குள் இனி யாரும் பயிர் வைக்கக் கூடாது. நான் வரைந்ததை நேரில் போய்ச் சரிபார்ப்பவர் செயின்மேன். சங்கிலி பிடித்து நிலம் அளப்பதால் அந்தப் பெயர். எந்தப் பள்ளத்தில் கால் புதையும், எதில் புதையாது என்று அவருக்கு மலை முழுக்கத் தெரியும். எனக்கு மேசைதான் தெரியும்.

கவுஞ்சிக்கு மேலே நிஜமான சதுப்பு ஒன்று உண்டு. அதை ஒட்டி அவருடைய தங்கையின் பூண்டு நிலம். புருஷன் இல்லாத பெண். பட்டா கிடையாது, ஆனால் அப்பன் காலத்திலிருந்து கொத்திய நிலம். பூண்டு ஊன்றுவதற்கு முன்னால் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பது அவர்கள் வழக்கம். அவள் தீ வைத்த வாரத்தில் செயற்கைக்கோள் அந்தச் சரிவுக்கு மேலே கடந்து போயிருக்கிறது. கரிந்த தரையும் அந்தப் படத்தில் கருப்புத்தான். சதுப்பின் ஓரத்தில் கடுகளவு கூடுதலாக இருந்த கருப்பையும் சேர்த்தே நான் கோடு இழுத்திருந்தேன். செயின்மேன் மேசையைத் துடைத்துவிட்டுப் போன பிறகு, விமானத்திலிருந்து முன்பு எடுத்த பழைய படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதே இடத்தில் படிப்படியாக வரப்புகள் பளிச்சென்று தெரிந்தன. அதிகாரியிடம் காட்டினேன். “அது பழசு, இது புதுசு. மேப்பு மேலிடத்துக்குப் போயாச்சு” என்றார். நான் இரண்டாம் முறை சொல்லவில்லை.

எல்லைக் கல் நடச் செயின்மேனையே அனுப்பினார் அதிகாரி, கூட என்னையும். வேண்டுமென்றேதான் அனுப்பினார். சங்கிலியின் ஒரு முனை என் கையில், மறுமுனை அவர் கையில். நடுவில் பூண்டு முழங்கால் அளவு வளர்ந்து நின்றது. தங்கை சண்டை போடுவாள் என்று பயந்திருந்தேன். அவளோ, “இந்த ஒரு போகத்த எடுத்துக்கிறேண்ணே. ஒன் ஆபீசுல சொல்லேன்” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். “கல்லை வெரசா நடுங்க, பஸ்ஸு போயிரும்” என்றேன். முதல் கல்லை அவரே குழி தோண்டி இறக்கினார். மறுவாரம் வனக் காவலர்கள் பூண்டைப் பிடுங்கிப் போட்டார்கள். அவள் கொடைக்கானலுக்கு வந்து ஒரு விடுதியில் துணி துவைக்கச் சேர்ந்தாள்.

அடுத்த ஆண்டு புதுப் படம் வந்தது. அவள் நிலத்தில் கருப்பு இல்லை. சுற்றியிருந்த மேட்டைப் போலவே புல் முளைத்துச் சிவப்பாக இருந்தது. பிளேடால் சுரண்டினால் பழைய கோடு போய்விடும். பத்து நிமிட வேலை. ஆனால் முதலில் போட்டது யார் என்று கேட்பார்கள். எனக்குப் பதவி உயர்வு வரவிருந்த சமயம். செயின்மேன் என் மேசைக்கு வந்து நின்றார். “புதுப் படம் வந்துருக்காம்ல. தங்கச்சி நெலம் எப்பிடிங்க சார் தெரியுது?” என்றார்.

“கருப்பாத்தான் இருக்கு” என்றேன்.

இன்று அந்தச் சரிவை யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் மேலிருந்து பார்க்கலாம். “சீகை மரம் மூடிக் கெடக்கு” என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் காட்டினார்; வாட்டில் மரத்துக்கு அங்கே அந்தப் பெயர். செயின்மேன் இப்போது இல்லை. எனக்குப் பென்ஷன் வருகிறது. நான் கருப்பு என்று சொன்ன அன்று அவர் என்னைத் திட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, “அப்ப அடியில ஈரம் இருக்கத்தான் செய்யுது போல. நான்தான் சரியா பாக்கல. அய்யாவ வேற எதுத்துப் பேசிப்புட்டேன்” என்றார். நேராக அதிகாரியின் அறைக்குப் போய்க் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். நான் படத்தைச் சுருட்டி அலமாரியில் வைத்தேன்.