சைரனுக்கு ஓடிய மனிதர்

அறுவடை நேரத்தில் செத்துப்போகிறவனை அந்தக் கோதுமை ஊர் லேசில் மன்னிக்காது. மெர்வை மன்னித்தது. டிசம்பர் மாதக் கோடை வெயிலில் இயந்திரங்களை வயலிலேயே நிறுத்திவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு ஊரே தேவாலயத்துக்கு வந்துவிட்டது.

முந்தின நாளே மெர்வின் மனைவி கோரல், அவர் இருந்த தொண்டர் தீயணைப்புப் படையின் தலைவன் டேமியனைப் பிடித்து நிபந்தனை போட்டிருந்தாள்.

"நாளைக்கு உங்க சைரன் ஊதினா ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது. பக்கத்து ஊர்ப் படைகிட்ட சொல்லி வை. கல்யாணமான நாள்லேர்ந்து அந்தச் சத்தம் என் சாப்பாட்டு மேசையைக் காலி பண்ணுது. ஒரு நாளாவது எல்லாரும் அவருக்காக உட்காரட்டும்."

"சத்தியமா எழுந்திருக்க மாட்டோம், கோரல்."

அவள் சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. இருபது வயதில் கட்டாய ராணுவச் சேவையில் வியட்நாம் போய் வந்தவர் மெர்வ். போரைப் பற்றி வாயே திறக்க மாட்டார். ஆனால் ஊர் கூப்பிட்டால் போதும், முதல் ஆளாக நிற்பார். தூக்கம் தொலைத்த பழைய சிப்பாய்களை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போய், சாயங்காலம்வரை வெளியே காத்துக் கிடப்பார். போர்வீரர்களை நினைவுகூரும் ஆன்சாக் நாளில் பதக்கம் குத்திக்கொண்டு அணிவகுக்கச் சொன்னால் மட்டும் நழுவிவிடுவார். தீயணைப்பு வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் ஊருக்கெல்லாம் சாசேஜ் சுட்டுக்கொண்டிருப்பார்.

வீட்டிலும் குறை வைக்கவில்லை. மகள் லீயனுக்குத் தலை பின்னிவிட்டதும் சாண்ட்விச் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். அவளுடைய பிறந்தநாளில் சைரன் கேட்டு, மெழுகுவத்தியை ஊதக்கூட நிற்காமல் ஓடிய புண்ணியவானும் அவரேதான். "இந்த வீட்ல எரியறதை யாரு அணைப்பா?" என்று வண்டிப் புழுதியைப் பார்த்துக் கத்துவாள் கோரல்.

தேவாலயத்தில் பழைய சிப்பாய்கள் வரிசையாக வந்து சவப்பெட்டியின்மேல், போர்வீரர் நினைவுக்கான சிவப்புப் பாப்பிப் பூக்களை வைத்தார்கள். தூக்குவதற்கு ஆறு பேர் எழுந்தார்கள். ஆறு பேரும் தீயணைப்புப் படைக்காரர்கள். அந்த நேரம் பார்த்து சைரன் ஊதியது.

யாரும் அசையவில்லை. ஜன்னலில் புகை தெரிந்தது, பெட்டிக்ரூ குடும்பத்து வயல் பக்கம். அனல் காற்று வேறு. பக்கத்து ஊர் வண்டி வந்து சேர்வதற்குள் வயலோடு வீடும் போய்விடும். டேமியன் பெட்டியின் கைப்பிடியை விடாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோரல் புகையைப் பார்த்தாள். ஒரே ஒரு நாள்தானே கேட்டாள், அதுவும் கூடாதா? எதிர் வரிசையில் பெட்டிக்ரூ வீட்டு மருமகள் கைக்குழந்தையோடு வெளிறிப்போய் நின்றாள். ஜன்னலையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள் அந்தப் பெண்.

"என்னடா டேமியன், மரம் மாதிரி நிக்கிற? போ."

"சத்தியம் பண்ணினேனே..."

"வாங்கினவளே சொல்றேன். இன்னும் நின்னீங்கன்னா உள்ள இருக்கிறவரு எழுந்து ஓடிடுவாரு. கிளம்புங்கடா."

ஓடினார்கள். வேறு ஆட்களை வைத்து அடக்கத்தை முடித்துவிடலாமா என்று பாதிரியார் கேட்டார். "தூக்க வேண்டியவங்க வரட்டும். எங்களுக்கு என்ன அவசரம்?" என்றாள் கோரல். செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வெயில் சாய்ந்த பிறகு கரி அப்பிய முகங்களோடு வந்து சேர்ந்தார்கள். வயல் பாதி போயிற்று, வீடு தப்பியது. லீயன் அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"பாவம்மா நீ. இன்னிக்கும் கெட்டுப்போச்சு."

"ஒண்ணும் கெடலடி," என்றாள் கோரல். அவள் கை பெட்டியின்மேல் இருந்தது. "சைரன் ஊதினப்புறம் உங்கப்பா என் பக்கத்துல இருந்தது இன்னிக்குத்தான்."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.