கைக்குட்டையில் ஒரு சிவப்புக் கோடு

அம்மாவின் இடுப்பிலும் முழங்கை மடிப்பிலும் சிவப்புத் தடிப்புகள் கிளம்பியபோது கீழ்வீட்டு அக்கா ஒரே பார்வையில் முடிவு சொல்லிவிட்டார்.

"மாரியாத்தா வந்திருக்கறாங்க. வெளிய தெருவ போகாதீங்க. ஊட்டுல எதையும் தாளிக்காதீங்க."

வீட்டின் சொந்தக்காரர் அவர். காய்ச்சல் இல்லை, கொப்புளத்தில் நீர் கோக்கவில்லை என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் கதவில் வேப்பிலைக் கொத்து ஏறிவிட்டது. அம்மா ஒரு பம்பு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு வந்தால் போதும் என்று அங்கேயும் சொல்லிவிட்டார்கள்.

அந்த நாட்களில் என் கவலை வேறொரு அரிப்பில் இருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை பார்த்த தோழி, ஊர் மாறிப் போகும்போது தன் இரண்டு வெள்ளை எலிகளைக் கூண்டோடு என்னிடம் விட்டுப் போயிருந்தாள். அம்மாவுக்கு அது பெரிய வேடிக்கை. அன்னூர்ப் பக்கம் கூலிக்குப் போன காலத்தில், கடலைக்காடு வெட்டி முடிந்ததும் எலி வளையைத் தோண்டி, எலி சேர்த்து வைத்த கடலையை எடுத்து வந்தவள் அவள்.

"எலிகிட்டப் புடுங்கி உன்ன வளர்த்தேன். நீ காசு குடுத்துக் கடலக்கா வாங்கி எலிக்குப் போடற. நல்லாருக்குது அம்மணி."

எலிகளில் பெரியது பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தது. முடியை விலக்கினால் பொருக்கு. பேன் சீப்பால் வாரி வெள்ளைத் தாளில் தட்டிப் பார்த்தேன். முடிதான் விழுந்தது. பூச்சி இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் சின்னதும் சொறிய ஆரம்பித்தது. இரண்டையும் ஒரு டப்பாவில் வைத்து கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனேன்.

அவர் நிதானமான பெண். எலியை எடை போட்டு, அந்த அளவுக்குப் பிடரியில் மருந்துச் சொட்டு வைத்தார்.

"பகல்ல இதுக மேல பூச்சி இருக்காதுங்க. கூண்டுச் சந்துல, மரத்து இடுக்குல ஒளிஞ்சுக்கும். ராத்திரி வந்து ரத்தம் குடிச்சுப்போட்டுப் போயிரும். படுக்கற எடத்துல வெள்ளத் துணி ஒண்ணு விரிச்சு வெச்சுக் காலைல பாருங்க." பிறகு என் கையைப் பார்த்தபடி கேட்டார். "ஊட்டுல ஆருக்காச்சும் கடி இருக்குதுங்களா? இது மனுசங்களையும் கடிக்கும்."

நான் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

எலிகள் தூங்குவதற்கு நான் பழ மார்க்கெட்டிலிருந்து ஒரு மரப்பெட்டி வாங்கி வைத்திருந்தேன். அதற்குள் என் வெள்ளைக் கைக்குட்டையை விரித்தேன். காலையில் எடுத்தபோது தூசி மாதிரிப் புள்ளிகள். தூசி நகர்ந்தது. துணியை மடித்து நகத்தால் அழுத்தினேன். சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. தினமும் கண்ணாடிக் குழாய்களில் ஊரார் ரத்தத்தைப் பார்ப்பவள் நான். அந்தக் கோட்டைப் பார்க்க முடியவில்லை. அது எலியின் ரத்தமாக இருக்கலாம். அம்மாவுடையதாகவும் இருக்கலாம்.

சொன்னால் எலிகள் போய்விடும். சொல்லாவிட்டால், என் கூண்டு செய்த வேலைக்கு அம்மா வேப்பிலைக்குக் கீழே உட்கார்ந்து மாரியம்மனை வேண்டிக்கொண்டிருப்பாள். அது மட்டும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. அந்தப் பள்ளிக்கூடத்தில்தான், தலையில் பேன் இருக்கிறது என்று என்னைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். அம்மை வந்தவளை யாரும் அப்படிச் செய்வதில்லை, கும்பிடுகிறார்கள். வாடகைக்குத் தவிர மாடி ஏறாத கீழ்வீட்டு அக்கா, இப்போது செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டு அம்மாவுக்கு இளநீர் கொண்டு வந்தார். பூச்சி என்று சொன்னால் அதெல்லாம் நின்றுபோகும்.

அன்றைக்கே அம்மாவிடம் கைக்குட்டையைக் காட்டி, மருத்துவர் சொன்னதையும் சொன்னேன். அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எலிய வெளிய உட்டுட்டாச் செரியாப் போயிருமா கண்ணு?"

"இல்லம்மா. எலி இல்லீன்னா அதுக்குப் பசி, நம்மளத்தான் தேடி வரும். மருந்து போட்டாச்சு. கூண்டையும் ஊட்டையும் சுத்தம் பண்ணணும். அதுக்கப்புறம் நீ வேண்டாம்னு சொன்னா ஆருக்காச்சும் குடுத்தர்றேன்."

"கீழ சொல்லிப்போடாத. பூச்சி புடிச்ச ஊடும்பாங்க."

மரப்பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே போட்டேன். கூண்டுத் துணிகளை வேகவைத்தேன். கட்டில் சந்து, சுவர் ஓரம் எல்லாம் துடைத்தேன். நான் சொல்லாமலே அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துணி துவைக்கும் கல்லில் கூண்டை வைத்துக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினாள். அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு அக்கா இளநீரோடு வந்து நின்றார்.

"ஏனுங்க, ஆத்தா இருக்கறப்பக் கொதிக்கற தண்ணியோட என்னங்க வேல?"

அம்மா குண்டாவைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஆத்தா இல்லீங்க. எலிப் பூச்சிங்க. என்ற புள்ள கண்டுபுடிச்சா. அவ சொன்னாச் செரியாத்தான் இருக்குமுங்க."

அக்கா கதவைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார். "கீழ எங்கூட்டுக்கு வருமா?" என்று என்னிடம் கேட்டார்.

"வரலாமுங்க. இதே மாதிரி வெள்ளத் துணி விரிச்சு நானே வந்து பார்த்துத் தர்றேன்."

"மறுக்காவும் வந்துச்சுன்னா எலியோட நீங்களும் காலி பண்ணிக்குங்க," என்றார். இளநீரை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

அம்மா அடுத்த வாரமே வேலைக்குப் போனாள். எலிகளுக்கு இரண்டாவது தடவையும் மருந்து வைத்தோம். பெரியதன் கழுத்தில் புதுமுடி முளைத்தது. எலிகளை யாருக்காவது கொடுப்பதைப் பற்றி அம்மா பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை. காலையில் கூண்டில் விரித்த கைக்குட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் வழக்கமாகிவிட்டது. காய்ந்த வேப்பிலையை யாரும் கழற்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு அக்கா மேலே வந்தார். கைக்குட்டையைக் கேட்டு வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுங் காணமே."

"இல்லீங்க அக்கா. போன வாரமும் இல்லீங்க."

சுத்தமான துணியை மடித்து என்னிடமே கொடுத்தார். அம்மா டீ போட எழுந்தாள். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தத் தடவை அவர் செருப்போடுதான் மாடி ஏறி வந்திருந்தார். டீ வந்ததும் செருப்பைக் கழற்றி வாசலோரம் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.