பெட்டிகளுக்குக் கொடுத்த அறை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பேரைப் பெற்று ஐந்து பேரையும் ஆளாக்கினேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றுமில்லை. இந்த வீட்டில் எனக்கென்று இப்போது நேரம் ஒன்றுதான் மிச்சம்.

இந்த வீடு என்றால் இத்தாலியில், பலேர்மோ நகரத்தில் சீசா என்கிற பகுதியில், மூன்றாம் மாடி, என் மூன்றாவது மகனின் வீடு. மகன், மருமகள், பேத்தி, நான். மற்றப் பிள்ளைகள் வேறு நாடுகளில் இருந்து தொலைபேசியில் கதைப்பார்கள். நான் இந்த ஊருக்கு வந்த நாளில் இருந்து அடுத்தவர் வீடுகளில் வேலை செய்தேன். சிஞ்ஞோராமார், அந்த வீட்டு அம்மாமார், கொடுத்த மடிக்கிற கட்டிலில், சமைக்கிற குசினிக்குப் பக்கத்தில், துணி காயப்போடுகிற இடத்தில் படுத்தேன். என் பாட்டில் பூட்டிக்கொள்ள ஒரு கதவு கிடைத்தது இந்த மகனின் வீட்டுக்கு வந்த பிறகுதான். சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு அலுமாரி, பஸ் போகிற தெருவைப் பார்த்தபடி ஒரு யன்னல். மருமகள்கூடத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவாள். அதை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. ஆனால் பெருமைதான்.

பிறகு பெட்டிகள் வந்தன. மகன் வேலை செய்த வீட்டு ஐயா, சிஞ்ஞோரே, காலமானபோது, பாட்டுக் கேட்கிற இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை அந்த வீட்டு அம்மா இவனுக்கே கொடுத்துவிட்டாள். இடுப்பு உயரம், நல்ல மரம், முன்பக்கம் கறுப்புத் துணி. மகனும் அவனுடைய சிநேகிதனும் சாமி தூக்குகிற மாதிரி அவற்றை மூன்று மாடிக்கும் ஏற்றி, எல்லாரும் இருந்து கதைக்கிற ஹோலில் வைத்தார்கள்.

"துணிக்குப் பின்னாலை கடதாசி மாதிரி ஒண்டு கிடக்கம்மா. அதிலை நகம் பட்டாலே போச்சு" என்றான்.

"ஆற்றை நகம்? எனக்கு நகமே இல்லை, எல்லாம் பாத்திரம் தேய்ச்சுத் தேய்ஞ்சு போச்சு" என்றேன். அவனுக்குச் சிரிக்க நேரமில்லை. வயர் கொழுவிக்கொண்டிருந்தான்.

அந்த மாதமே பேத்தி கார் ஒன்றின் கீழே கிடந்த பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மஞ்சள் வரிக் குட்டி. அது வளர்ந்ததும் முதலில் கண்டுபிடித்த சுகம் அந்தக் கறுப்புத் துணிதான். நித்திரையால் எழும்பி, உடம்பை நீட்டி முறித்து, நேரே போய் இரண்டு கையாலும் பிராண்டும். சர் சர் என்று சத்தம் கேட்கும். அடுத்த சத்தம் மகனுடையது.

அவன் கடையில் ஏதோ மருந்து வாங்கி அடித்தான். பூனை தும்மிவிட்டுப் பிராண்டியது. பிளாஸ்டிக் சுற்றினான். சத்தம் அடைக்கிறது என்று அவனே கழற்றினான். கதிரையைக் குறுக்கே வைத்தான். பூனை கதிரையில் ஏறிப் பெட்டியின் தலையில் படுத்துக்கொண்டது. கடைசியில் என்னிடம் வந்தான்.

"அம்மா, நாள் முழுக்க வீட்டிலைதானே இருக்கிறியள். உதைக் கொஞ்சம் பாத்துக்கொண்டா என்ன?"

ஐந்து பிள்ளைகளைப் பார்த்தவளுக்குப் பெட்டியைப் பார்ப்பதா பெரிய வேலை? பார்த்தேன். எலுமிச்சைத் தோலைப் பெட்டியைச் சுற்றி வைத்தேன், பூனைக்கு அந்த வாசம் ஆகாது என்று. மூன்றாம் நாள் தோல் காய்ந்தது, வாசம் போனது, பூனை திரும்பி வந்தது. பூனை கடித்த வயர்களுக்கு, பழைய தண்ணீர்க் குழாயை நீளத்துக்குக் கீறி உறை மாதிரிப் போட்டேன். வயர் தப்பியது. துணி தப்பவில்லை. ஒரு மூலையில் நூல் கிளம்பிவிட்டது. அன்றைக்கு அவன் பூனையைத் திட்டவில்லை. என்னைப் பார்த்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பல்கனியில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தேன். குசினியில் மகனும் மருமகளும் இத்தாலியனில் கதைத்தார்கள். எனக்கு விளங்கக் கூடாத கதை என்றால்தான் அவர்கள் இத்தாலியனுக்கு மாறுவது. நான் இந்த ஊரில் எத்தனை வீடு கூட்டியவள் என்பது அவர்களுக்கு மறந்துபோகும். "மம்மா" என்று கேட்டது. "கொண்டுபோக வேணும்" என்று கேட்டது. அதற்கு நடுவில் "காசா" என்று கேட்டது.

காசா என்றால் வீடு. ஆனால் நான் சில காலம் ஒரு முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்தேன். அதையும் அங்கே வேலை செய்த நாங்கள் சுருக்கமாகக் காசா என்றுதான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இருந்த கிழவிகள் நல்ல சட்டை போட்டு, தலை வாரி, வாசல் கதவைப் பார்த்தபடி இருப்பார்கள். நான் அவர்களின் கால்களைத் தூக்கச் சொல்லித் துடைப்பேன்.

பயற்றங்காயை முறித்து முடித்தேன். கறியும் வைத்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் கெஞ்சுவது போல இருக்கும். அந்தக் கிழமை ஏழு நாளும் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தேன். அவன் வந்து சொல்லும்போது நான் ஆயத்தமாக நிற்க வேண்டும், அழுதுகொண்டு நிற்கக் கூடாது என்று நினைத்தேன்.

பையைப் பேத்தி கண்டுவிட்டாள்.

"அப்பம்மா, எங்கை போறியள்?"

"உன்ரை கொப்பர் கொண்டுபோற காசாவுக்கு."

அவள் ஓடிப்போய்ச் சொன்னாள். மகன் வந்தான். பையைப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஐயோ அம்மா! காசா இல்லை, காஸ்ஸா! காஸ்ஸா! ஸ்பீக்கர் பெட்டி!"

உண்மைதான். இத்தாலியனில் பெட்டிக்குக் காஸ்ஸா என்றுதான் பேர். நடுவில் கொஞ்சம் அழுத்தினால் பெட்டி, அழுத்தாவிட்டால் வீடு. மருமகளும் வந்து சிரித்தாள். "மாமி, உங்களை விட்டிட்டு நாங்கள் என்ன செய்யிறது?" என்றாள். நானும் சிரித்தேன். ஒரு கிழமையாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கினால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

சிரித்த வாய் மூட முதல் அவன் சொன்னான்:

"அந்தக் காஸ்ஸாவைத்தான் உங்கடை அறைக்குக் கொண்டுபோவம் எண்டு கதைச்சனாங்கள். கதவைச் சாத்தினாப் பூனை வராது. நீங்கள் ஹோலிலை படுங்கோ, அந்தச் சோபாவை விரிச்சாக் கட்டில்தானே."

"உன்ரை அறைக்கும் கதவு இருக்கே, தம்பி?"

"அங்கை அலுமாரி நிக்குதம்மா, இடமெங்கை? பிள்ளையின்ரை அறையிலை பூனை படுக்குது."

பூனைக்கு அறை இருக்கிறது. அலுமாரிக்கு அறை இருக்கிறது. முதியோர் இல்லம் இல்லை என்று இப்போதுதான் சிரித்தவள், அறை தர மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வாள்? "ஓம்" என்றேன். சேலை மடித்த பை ஆயத்தமாகத்தான் இருந்தது. அதையே தூக்கிக்கொண்டு ஹோலுக்கு வந்தேன்.

பெட்டி உள்ளே போனதும் பூனை சோபாவுக்கும் திரைச்சீலைக்கும் மாறியது. ஆனால் நான் தொடங்கிய வேலையை விடுகிறவள் இல்லை. துறைமுகத்துப் பக்கம் வள்ளக்காரருக்குக் கயிறு விற்கிற கடை ஒன்று இருக்கிறது. பேத்தியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்த் தும்புக் கயிறு வாங்கினேன். உடைந்த மேசையின் காலை ஒரு பலகையில் நிமிர்த்தி ஆணி அடித்து, கயிற்றை நெருக்கி நெருக்கிச் சுற்றினேன். அதைப் பூனை நித்திரையால் எழும்புகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். முதல் நாள் மணந்து பார்த்தது. பிறகு கட்டிப்பிடித்துப் பிராண்டியது. அதற்குப் பிறகு சோபாவைத் தொடவில்லை, திரைச்சீலையைத் தொடவில்லை, ஒன்றையும் தொடவில்லை. தும்பு மட்டும் நிலத்தில் கொட்டும். நான் கூட்டுவேன்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மகனிடம் போனேன். என் அறையில், என் யன்னலுக்குப் பக்கத்தில், கதிரை போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, பூனை இப்ப ஒண்டையும் பிராண்டுறேல்லை. பெட்டியை வெளியிலை எடுக்கலாம்."

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"கிடக்கட்டுமம்மா. இந்த அறையிலைதான் சத்தம் நல்லாக் கேக்குது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இது பூனையின் பிழை இல்லை என்று. வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் அவன் அந்த அறையைத்தான் காட்டுகிறான். கதவைத் திறந்து, உள்ளே விட்டு, பெட்டிகளின் நடுவில் இருத்துகிறான். அவர்களும் சத்தத்தை மெச்சுவார்கள். இது யாருடைய அறையாக இருந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. என் அலுமாரி இன்னும் உள்ளேதான் நிற்கிறது. மாற்றிக் கட்டச் சேலை எடுக்க வேண்டும் என்றால் நான் கதவைத் தட்டுகிறேன். நான்! எடுத்துக்கொண்டு வெளிக்கிடும்போது பின்னால் குரல் வரும்:

"கதவைச் சாத்திவிடுங்கோ அம்மா, பூனை வந்திடும்."

பூனை அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. அது ஹோலில் என் காலடியில் கிடக்கிறது. பிள்ளைகள் தொலைபேசியில் "எப்பிடி அம்மா இருக்கிறியள்?" என்று கேட்டால் "நல்லா இருக்கிறன்" என்கிறேன். என் மகனைப் பற்றி அவனுடைய சகோதரங்களுக்கு முறைப்பாடு சொல்ல என்னால் முடியாது. அவனுக்கே சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் சிரித்துவிடுவான். அதனால்தான் எழுதினேன்.

பேத்திப் பிள்ளை, நீ சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலை எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகின பிள்ளை. இதை எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு, நான் எழுதினது சரியோ எண்டு பாப்பம். இஞ்சை ஹோலிலை வேண்டாம். அந்த அறைக் கதவைத் தட்டிப்போட்டு, திறந்துவிட்டு, வாசல் நிலையிலை நிண்டு வாசி. கொப்பர் பாட்டுக் கேட்டால் நிப்பாட்டச் சொல்லு. பூனை உள்ளுக்குப் போனால் போகட்டும். முதல் வரியிலையிருந்து, உரத்து வாசி.