தறி நின்றால் அலறும் என் மகள்

ஆத்தா, என் பிள்ளைக்கு உன் பண்டிகை மட்டும் ஏன் ஆகமாட்டேன் என்கிறது? போன வருடம் ஆடியில் மாரியம்மன் முன்னால் நின்று இப்படித்தான் கேட்டேன். கைகூடக் கூப்பவில்லை. அவ்வளவு ஆற்றாமை.

எங்களுக்கு எடப்பாடிப் பக்கம். வீட்டை ஒட்டியே விசைத்தறிப் பட்டறை. மகள் தாரணிக்கு அப்போது ஆறு வயது. சட்டைத் தையல் உறுத்தினால் கழற்றி எறிவாள். சீப்பு பட்டால் கத்துவாள். மிக்ஸி போட்டால் கதவில் தலையை முட்டிக்கொள்வாள். சத்தம் ஆகவில்லை போலிருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. எனக்கே நம்பிக்கை இல்லை. தறி ஓடும்போது பக்கத்து அறையில் அடித்துப் போட்டாற்போலத் தூங்குகிற பிள்ளைக்குச் சத்தம் எப்படி ஆகாமல் போகும்? செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்றார்கள். ரெண்டு அடி போட்டும் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

பண்டிகை வந்தால் இன்னும் மோசம். தறியை நிறுத்திப் பொட்டு வைத்துவிட்டால், பண்டிகை முடியும்வரை நாங்கள் ஓட்டுவதில்லை. அந்த நாட்களில் அவள் தூங்கவே மாட்டாள். தட்டு விழுந்தாலும் அலறல், நாய் குரைத்தாலும் அலறல். ஆத்தாளுக்கு ஏதோ குறை வைத்திருக்கிறோம் என்றாள் நாத்தனார். பயந்துபோய், பிள்ளைக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். சீப்பே ஆகாத தலைக்குக் கத்தி! அதற்கும் சேர்த்து அன்று கோயிலில் அழுதேன். நீயே வழி காட்டு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மதியம் தெருவில் மேளம். தாரணி கட்டிலுக்கடியில் புகுந்து தன் கையையே கடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர், ரிப்பேர் செய்த மோட்டாரைச் சரிபார்க்க ஒரு தறியைத் தட்டிவிட்டார். சடக் சடக் சடக். பிள்ளை கடிப்பதை விட்டாள். சுவரில் முதுகைச் சாய்த்தாள். அவர் தறியை நிறுத்தினார். மறுபடி அலறல். நிறுத்தாதீங்க என்று ஓடினேன்.

"நோம்பியன்னைக்குத் தறி ஓட்டறதா?" என்றார். உள்ளே வந்து பிள்ளையைப் பார்த்தார். பிறகு அவரே போய்ச் சுவிட்சைப் போட்டார்.

"ஆத்தா கோவிச்சுக்கிட்டா எம்மேல கோவிச்சுக்கட்டும். புள்ள தூங்கட்டும்."

தூங்கினாள். அந்தத் தறியைத் தட்டிவிட்டது ஆத்தாதான் என்று இன்றும் நம்புகிறேன்.

பிறகு சேலத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிற ஒரு அம்மாவிடம் போனோம். ஒரே மாதிரி ஓடுகிற சத்தம் இவளுக்குப் போர்வை போல, திடீர்ச் சத்தம்தான் வலிக்கிறது, இது அடம் இல்லை என்று விளக்கினார். இப்போது மிக்ஸி போடுமுன் சொல்லிவிடுகிறேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போகிறாள். அழுதால் அதட்டுவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சில நாள் எதற்கென்றே தெரியாமல் அழுவாள், நானும் முழிப்பேன்.

வேண்டுதல் பாக்கி இருந்தது. இந்த ஆடியில் அவளுக்குப் பதிலாக மொட்டையை நானே போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும், யாரையும் தொடாத தாரணி என் தலையை மெதுவாகத் தடவினாள். இன்னொரு கையையும் வைத்தாள்.

"நல்லாருக்குதும்மா."

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், புரியவில்லை என்று ஆத்தாளிடமே போய்ச் சொல்லுங்கள். கோபமாகவே சொல்லுங்கள், கேட்பாள். எனக்கு இப்போது முடி முளைக்கிறது. தாரணி தினமும் அதைத் தடவிக்கொண்டேதான் தூங்குகிறாள். அது வளர்ந்துவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலை.