அவன் தோளில் தொங்கிய பை

அவன் டீ குடிக்கும்போதுதான் எனக்கு வயிறு அதிகமாக எரியும்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நாங்கள் வேலை பார்த்த ஸ்டூடியோவுக்கு எதிரே ஒரு டீக்கடை. விசேஷ வேலை முடிந்து வந்தால் இரண்டு பேரும் அங்கேதான் நிற்போம். நான் வந்ததும் வராததுமாகப் பையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொள்வேன். அவன் கழற்றவே மாட்டான். இரண்டு கேமரா, ஃப்ளாஷ், பேட்டரி எல்லாம் உள்ளே இருக்க, பையைத் தோளில் போட்டபடியே டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு கடைக்காரரிடம் கிரிக்கெட் பேசுவான். பை இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருக்கும். எனக்குப் பொறுக்காதது அந்த மறதிதான்.

எனக்குப் பிறகு சேர்ந்தவன். பத்தாவதோடு நின்றவன். வெளிச்சம் குறைந்தால் கேமராவை எந்த எண்ணில் வைப்பது என்று என்னிடம்தான் கேட்பான். ஆனால் அவனுக்குக் கப்பலில் வேலை செய்யும் ஓர் அண்ணன் இருந்தார். சிங்கப்பூரிலிருந்து அவர் கொண்டுவந்து கொடுத்த பை அது. கறுப்புத் துணி, உள்ளங்கை அகலத்துக்கு வார், தோளில் உட்காரும் இடத்தில் மெத்தென்று ஒரு பட்டை. உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை.

என்னுடையது ஸ்டூடியோவின் பழைய ரெக்சின் பை. வார் கயிறுபோல முறுக்கிக்கொண்டு தோளை அறுக்கும். ஒருநாள் குளித்துவிட்டு வந்தபோது அப்பா என் தோளைப் பார்த்தார். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்.

"இன்னாடா இது? மூட்ட தூக்கக் கூடாதுன்னுதானே உன்ன படிக்க வெச்சேன். நீயும் காப்பு காச்சிகினு வந்து நிக்கிற?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விசேஷ வீடுகளிலும் அப்படித்தான். இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே நுழைந்தால், "போட்டோகிராபர் வந்துட்டார், மொதல்ல அவர சாப்பிட வையுங்க" என்று அவனைத்தான் பந்திக்கு இழுப்பார்கள். என்னைப் பார்த்து, "தம்பி, லைட்ட அங்க வெச்சுடு" என்பார்கள். பையைப் பார்த்துத்தான் ஆளை எடைபோடுகிறார்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அந்தச் சமயத்தில் ராயபுரத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா வந்தது. பெண்ணின் தாய்மாமன் சொந்தமாகப் படகுகள் வைத்திருந்தார். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"நான் வீடியோ பாத்துக்கறேன். தாய்மாமன் சீர் ஊர்வலத்த நீ எடு," என்று என்னைக் காட்டினார். "நல்லா பண்ணிட்டின்னா மேடையும் உனக்கு. இனிமே எங்க போனாலும் மொத கேமரா நீதான். சொதப்புனே, அவன் மேல ஏறிடுவான். அப்புறம் என்னிய கேக்காத."

"அவன் ஷோக்கா எடுப்பான், அண்ணே" என்றான் அவன். அவன் ஏன் அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

அந்த வாரமே பர்மா பஜாருக்குப் போனேன். கடைக்கார பாய் இரண்டு பைகளை எடுத்துப் போட்டார். ஒன்று சின்னது, என் இடுப்போடு ஒட்டி நின்றது. இன்னொன்று அவனுடையதைப் போலவே, ஆனால் அதைவிடப் பெரியது. என் கை நேராக அதற்குத்தான் போனது.

"கேமரா எடுத்தாந்தியா, தம்பி? உள்ள போட்டு மாட்டிப் பாரு."

"இல்ல பாய், அது ஸ்டூடியோ பொருளு. வெளிய குடுக்க மாட்டாங்க."

"அப்ப சின்னத எடுத்துக்கோ. உன் ஒடம்புக்கு அதான் செட்டாவும். பெருசு உன்ன இட்டுகினு போவும், நீ அத்த இட்டுகினு போவ மாட்ட."

"பெருசே குடுங்க."

பை வாங்குகிறவர்கள் யாரும் இந்தத் தப்பைச் செய்யாதீர்கள். காலிப் பை எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். உங்கள் சாமான் முழுவதையும் அதில் போட்டு, கடை வாசலில் நாலு நடை நடந்து, குனிந்து, நிமிர்ந்து, மாட்டியபடியே மூடியைத் திறந்து பார்த்து வாங்குங்கள். உயரமும் அகலமும் பார்க்க வேண்டியது உங்கள் உடம்புக்கு. நான் பார்த்தது அவன் உடம்புக்கு. அவன் என்னைவிட ஒரு தலை உயரம்.

மறுநாள் ஸ்டூடியோவில் பையைப் பார்த்ததும் அவன் துள்ளினான். "மாமு! சூப்பரா கீது! குடு, போட்டுப் பாக்குறேன்." வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றான். அவனுக்காகவே தைத்த மாதிரி இருந்தது. காசு போட்டு நான் வாங்கிய பைகூட அவனுக்குத்தான் பொருந்துகிறது என்று பிடுங்கிக்கொண்டேன்.

விழா நாள் காலை. முன்னால் பேண்டு. அதன் பின்னால் பட்டுப்புடவைத் தட்டு, பழத்தட்டு, இனிப்புத் தட்டு என்று ஏந்திய பெண்கள். நடுவில் தாய்மாமன், வெள்ளை வேட்டியில். ஊர்வலம் எடுப்பவன் அதைப் பார்த்தபடியே பின்னால் நடந்து போக வேண்டும். முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் கூட்டாளி ஒருவன் பை வாரைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவான். என்னை ஓட்டியது அவன்தான்.

"ரைட்டுல குழி... அப்டியே வா... மாடு நிக்குது, லெஃப்டு ஒடி... நில்லு நில்லு, மீன் வண்டி போவுது... ஆங், வா மாமு."

தள்ளிவிட்டால் விழுந்திருப்பேன். அவன் என்னை ஒரு கல்லில்கூட இடறவிடவில்லை. பைதான் அடிக்கு அடி முழங்காலில் மோதியது. வியர்வையில் வார் நழுவி நழுவிக் கை முட்டிக்கு வந்தது. அவன் ஒவ்வொரு தடவையும் அதை மேலே ஏற்றிவிட்டான். எனக்கு நன்றி வரவில்லை. இவ்வளவு நல்லவனாக இருக்க இவனுக்கு எப்படி முடிகிறது என்று அதற்கும் எரிந்தது.

மண்டப வாசலில் பெண்ணின் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றார். தன் அண்ணன் சீரோடு வருவதைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. நான் கேமராவைத் தூக்கினேன். ஃபிலிம் ரோல் முடிந்துவிட்டது.

பையின் மூடி என் பக்கமாகத் திறக்கும்படி தைத்திருந்தது. திறந்தால் வயிற்றில் முட்டி, கை உள்ளே போகவில்லை. பை பெரிது, சாமான் கொஞ்சம். நடந்த நடையில் ரோல் டப்பாக்கள் எல்லாம் ஃப்ளாஷுக்கு அடியில் போய்விட்டிருந்தன. தரையில் குந்தி, பைக்குள் தலையை விட்டுத் துழாவினேன். தலைக்கு மேலே ஒரு கிளிக். இன்னொன்று. அவன் எடுத்துக்கொண்டிருந்தான். நான் நிமிர்ந்தபோது ஆரத்தி முடிந்து, அண்ணனும் தங்கையும் உள்ளே போய்விட்டார்கள்.

படியில் நின்றிருந்த முதலாளி எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

"மேடைக்கு நீ போ," என்றார் அவனிடம்.

"ஊர்வலம் பூரா அவன்தாண்ணே எடுத்தான். பாவம், ஒரு ரோலுதானே..."

"சொன்னத செய்டா. அவன் கீழ நிக்கட்டும்."

அவன் என் முகத்தைப் பார்க்காமல் தன் பையைக் கழற்றினான். "கொஞ்சம் வெச்சிகிறியா, மாமு?" என்று என் தோளில் மாட்டிவிட்டு, வார் என் உயரத்துக்கு வரும்படி இழுத்துச் சரிசெய்துவிட்டு, கேமராவோடு மேடை ஏறினான்.

என் பையைக் கழற்றிக் காலடியில் வைத்தேன். அவன் பை தோளில் இருந்தது. எங்கேயும் அழுத்தவில்லை, எங்கேயும் இடிக்கவில்லை. அத்தனை சாமானும் உள்ளே இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு லேசாக இருந்தது. லேசாக இருக்க இருக்க எனக்கு மூச்சு முட்டியது.

மேடையில் பெண்ணுக்கு மாமன் மாலை போட்டார். அவன் திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி, "மாமு, ரோலு!" என்றான். நான் மேடையைப் பார்த்தபடியே பைக்குள் கையை விட்டேன். கை போன இடத்திலேயே ரோல் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"தேங்ஸு, மாமு" என்றான்.