அடைத்த அறையிலிருந்து வந்த பதில்

என் மேசை இழுப்பறையில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு வயர்லெஸ் கார்டு கிடக்கிறது. லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகினால் இரண்டு பச்சை விளக்குகள் எரியும்; ஒன்று நின்று எரியும், மற்றது சிமிட்டும். இன்றைய லேப்டாப் எதிலும் அதைச் செருக இடமில்லை. அதன் பின்புற லேபிளில் பொடி எழுத்தில் ஒரு சிப்பின் எண்ணும், கீழே 'மச்சினன் சொன்னது தப்பு' என்ற வரியும் நீல மையில் இருக்கின்றன. எழுதியவர் என் அத்திம்பேர், அக்காவின் கணவர். அந்த வரியை நான் முதன்முதலாகப் படித்தபோது அவர் காலமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் சொந்த வீடு, கல்லூரியில் கணக்குப் பேராசிரியர் வேலை, காலையில் பெருமாள் சேவை என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த மனிதரை ஐம்பது வயதில், விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் பிடித்துக்கொண்டது. மாடியறையில் ஒரு மேசைக் கணினி இருந்தது. அதையும் பழைய லேப்டாப் ஒன்றையும் கம்பியில்லாமல் இணைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கணினிக்குள் கார்டைப் பொருத்திவிட்டார். லேப்டாப்புக்கு வாங்கிய கார்டுதான் மசியவில்லை. அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் விண்டோஸுக்காகப் பிறந்தது. அந்த டிரைவரையே லினக்ஸை ஏமாற்றி விழுங்க வைக்கும் ஒரு சின்ன மென்பொருள் அப்போது உண்டு. அதோடு மல்லுக்கட்டிவிட்டு ஞாயிறுதோறும் சென்னையில் இருந்த எனக்குப் போன் செய்வார். ஒரு கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். எனவே குடும்பத்துக்கு நான்தான் கணினி டாக்டர். "தேர் ரெடியா நிக்கறதுடா, வடம்தான் ஆப்டலை" என்பார். 'பெருமாளே' என்று சொல்லிவிட்டு எண்டர் பட்டனைத் தட்டும் சத்தம் போனிலேயே கேட்கும்.

பெட்டியில் போட்டிருந்த பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு, இந்த டிரைவரைப் போடுங்கோ என்று நான் சொல்லியிருந்தேன். ஒரே பெயரில் வந்த கார்டுகளுக்குள் வேறு வேறு சிப் இருக்கும். எண்ணைப் பார்த்துத்தான் டிரைவர் சொல்ல வேண்டும். எனக்கு இது தெரியும். அலட்சியம். நாலு வாரம் அவர் என் பேச்சை நம்பி, தவறான டிரைவரோடு கிடந்தார்.

ஒரு வியாழக்கிழமை மாடியறை நாற்காலியிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அன்று அவிட்டம். அந்த நட்சத்திரத்தில் உயிர் போனால் ஆறு மாதம் அடைப்பு. போன அறையைப் பூட்டிவிட்டு, நாள் முடிந்து சாந்தி செய்த பிறகுதான் திறப்பார்கள். மடியில் இருந்த லேப்டாப்பை யாரோ கீழே கொண்டுவந்துவிட்டார்கள். மேசைக் கணினியை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவருடைய கைபேசியும் உள்ளேயே சிக்கிக்கொண்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பிற்பகல் மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் குடியிருந்த, பட்டு நூல் சுற்றும் அம்மா என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "கரண்டு போயி வந்தாப் போதும்பா, மேல கீக்குனு ஒரு சத்தம். கதவுக்கடியில நீலமா வெளிச்சம் வந்துக்கினு இருக்குது. சாரு இன்னும் வேல செஞ்சிக்கினுதான் கீறாரு போல" என்றாள். மின்சாரம் திரும்பியதும் தானாகவே உயிர்பெறும்படி அவர் கணினியை அமைத்திருந்தார், அவ்வளவுதான். அதை விளக்கிச் சொன்னேன். ஆனால் மாடிப்படியில் பாதி ஏறி, பூட்டிய கதவின் அடியில் கசிந்த அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் நானே மேலே ஏறாமல் நின்றுவிட்டேன். இறங்கி வந்துவிட்டேன்.

மெயினை அணைக்க அக்கா யாரையும் விடவில்லை. பாதியாக இளைத்திருந்தாள், ராத்திரிச் சாப்பாட்டை விட்டே இரண்டு மாதமாம். லேப்டாப்பையும் கார்டையும் என் முன்னால் வைத்து, "இதைக் கொண்டு போயிடுடா. இதாலதான் அன்னிக்குச் சண்டை" என்றாள். பிறகு தானாகவே சொன்னாள். சாப்பாட்டு வேளையில் வாக்குவாதம். நாலு மணிக்கு மாடியில் நாற்காலி தடாலென்று நகர்ந்த சத்தம். கோபத்தைக் காட்டுகிறார் என்று நினைத்து இவள் போகவில்லை. ஏழு மணிக்கு விளக்கேற்றிவிட்டுக் கூப்பிடப் போனால் உடம்பு சில்லிட்டிருக்கிறது. "மூணு மணி நேரம்டா. அவர் அங்க கிடந்திருக்கார். நான் கீழ மொகத்தைத் தூக்கி வெச்சுண்டு ஒக்காந்திருந்தேன்."

இல்லை அக்கா, என்று அப்போதே நான் சொல்லியிருக்கலாம். அவர் போன அன்று மாலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு என் கைபேசியில் 'அத்திம்பேர்' என்று வந்தது. டீக்கடையில் நண்பர்களோடு நின்றிருந்தேன். மறுபடியும் டிரைவர் புராணமா என்று கட் செய்துவிட்டேன். இரண்டாவது முறை அடிக்கவில்லை. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. எதிரே அக்கா அழுதுகொண்டிருந்தபோதும் வாய் வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகவே லேப்டாப்பைத் திறந்தேன்.

அதில் ஏற்கெனவே என்ன இருந்தது என்று பாராமல், நான் சொல்லியிருந்த டிரைவரையே போட்டேன். கார்டு இருப்பதையே அது ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே உருவித் திருப்பினேன். சிப் எண்; கீழே, மச்சினன் சொன்னது தப்பு. பின்னால் நின்று அவரே சிரித்தது போலிருந்தது. அந்த எண்ணுக்கான டிரைவர் அவருடைய கோப்புகளிலேயே இருந்தது. நான் போட்டதை நீக்கி அதைப் போட்டேன். கார்டு உள்ளது என்று திரை சொன்னது. கட்டளை அடித்து டிரைவரை ஏற்றியதும் ஒரு பச்சை விளக்கு வந்தது. அக்கம்பக்கத்தில் என்னென்ன நெட்வொர்க் இருக்கிறது என்று தேடச் சொன்னேன். அந்தத் தெருவில் அப்போது யாரிடமும் வயர்லெஸ் கிடையாது. பட்டியல் காலியாகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்று இருந்தது. பெயர், அம்புலு.

அது அக்காவின் செல்லப்பெயர். எங்கள் அம்மாவுக்குப் பிறகு அப்படிக் கூப்பிட அவர் ஒருவர்தான் இருந்தார். அக்கா பக்கத்தில் வந்து திரையை எட்டிப் பார்த்தாள். அதில் இணைந்து, மறுமுனைக்கு 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங் அனுப்பினேன். இரண்டாவது விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. நொடிக்கு ஒரு வரியாகப் பதில் வந்து விழுந்துகொண்டே இருந்தது.

"யாருடா பதில் சொல்றா?"

"மாடிலேர்ந்து வரது, அக்கா."

அவள் பயப்படவில்லை. விட்டத்தை நிமிர்ந்து பார்த்தாள். "எப்பவும் இப்படித்தான். கூப்பிட்டா குரல் கொடுப்பார், எறங்கி வரமாட்டார்" என்றாள். 

கடவுச்சொல் நான் வைத்துக் கொடுத்ததுதான். யாரும் கால் வைக்கக் கூடாத அறைக்குள் லேப்டாப் வழியாகவே நுழைந்தேன். மாடிக் கணினி தன் குறிப்பேட்டில் எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி வைத்திருந்தது. அந்த வியாழக்கிழமை, நாலு மணி இரண்டு நிமிடம்: லேப்டாப் முதன்முறையாக உள்ளே வந்திருக்கிறது. அதன்பின் வந்தும் போயும் விளையாடியிருக்கிறார். கடைசி வரி ஐந்து ஐம்பது.

"நாலு மணிச் சத்தம் அவர் விழுந்ததில்லை, அக்கா. கார்டு வேலை செஞ்ச சந்தோஷத்துல துள்ளி எழுந்திருக்கார். ஆறு மணி வரைக்கும் நன்னா இருந்திருக்கார்."

திரையிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நான் சொல்லியிருக்க வேண்டியதை அந்தக் கணினி சொல்லிவிட்டது. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "கார்டு வேலை செஞ்ச ஒடனே மொதல்ல ஒனக்குத்தான் சொல்லுவேன்னுண்டு இருந்தாரே. கூப்பிடலையாடா?"

"இல்லை, கூப்பிடலை" என்றேன்.

அன்று ராத்திரி தயிர்சாதம் சாப்பிட்டாள். ஆறு மாதம் முடிந்து அறையைத் திறந்தபோது, முதல் ஆளாக உள்ளே போய் அவருடைய கைபேசியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சார்ஜ் ஏற்றிப் பார்த்தேன்; அவர் கடைசியாக அழைத்த எண் என்னுடையது. வெற்றியைச் சொல்ல அழைத்தாரா, வலி வந்து அழைத்தாரா? இன்றுவரை தெரியாது. தெரியாததுதான் என்னைத் தின்கிறது.

அக்கா இப்போது என்னோடு இருக்கிறாள். என் கைபேசி அடித்தால் முதல் மணியிலேயே பாய்ந்து எடுக்கிறேன். 'என்னடா அவசரம்' என்று கேலி செய்கிறாள். நான் எழுதுவதை எல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படிப்பாள். இதையும் நாளைக் காலை காபிக்குப் பிறகு அவள் கையில் கொடுக்கப் போகிறேன். இழுப்பறையிலிருந்து கார்டை எடுத்து, எழுத்து மேலே தெரியும்படி இந்தத் தாள்களின் மேல் வைத்திருக்கிறேன்.